நேர்ல வந்து கேளுங்க சார்

அக்காவின் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை வீட்டுக்கு வரவில்லை. போனில் படமாக வந்தது. அக்கா அதைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, மாப்பிள்ளையின் பெயர், படிப்பு, மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மதிய இடைவேளையில் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனார். பெரிய பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி ஒன்றை மேல்தட்டிலிருந்து இறக்கச் சொன்னார். குங்குமம் வைத்தார். நல்ல வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். விளக்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, படத்தை நாத்தனாருக்கு அனுப்பினார். கீழே, ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ என்று எழுதியிருந்தார்.

“பத்திரிகைய படமா வெச்சாங்க. மொய்ய நானும் படமா வெச்சேன்,” என்றார் என்னிடம். “இதுல இன்னா தப்பு கீது தம்பி?”

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எந்தத் துறை என்பதையும் எழுதப் போவதில்லை. உத்திரமேரூரில் ஓர் அரசு அலுவலகம் என்பது போதும். வாசலை ஒட்டிய ஜன்னலில் உட்கார்ந்து, வருகிற மனுக்களையும் தபால்களையும் வாங்கி முத்திரை வைத்து எண் போடுவது அவர் வேலை. அதனால் மற்றவர்களுக்கு அவர் தபாலம்மா. நான் அக்கா என்பேன். அவர் மேஜைக்குப் பக்கத்து மேஜை எனக்கு. பொருள்கள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அந்த விஷயத்தில் அக்காவிடம் எனக்குக் குறை சொல்ல எதுவும் இருந்ததில்லை. அவர் வைக்கிற முத்திரை கோணாது. மை பரவாது. மானாம்பதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மழை நாளில்கூடப் புடவைக் கரையில் சேறு இருக்காது.

யாராவது மனம் நோகும்படி ஏதாவது செய்தால் அக்கா குரலை உயர்த்த மாட்டார். “இருக்கட்டும்,” என்பார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் எல்லாரும் பிறகு ஒரு நாள் அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். அந்த வட்டாரத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது ஒரு காகிதத்துக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

தனியார் பஸ் கண்டக்டர் ஒருவர் அப்படி வந்தார். முன்பு ஒரு கோடையில், “ஒத்த டிக்கெட்டுக்கெல்லாம் நிறுத்த முடியாது,” என்று சொல்லி, அக்காவை அவருடைய ஊரில் இறக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டவர். அக்கா கையில் அரிசிப் பையோடு வெயிலில் திரும்பி நடந்திருக்கிறார். கண்டக்டருக்கு அது நினைவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று மனுவை நீட்டினார்.

அக்கா மனுவை வாங்கிக்கொண்டார். பிறகு, “இங்க நிறுத்தம் கெடையாதுங்க,” என்றார்.

“இன்னாம்மா?”

“ஒத்த மனுவுக்கெல்லாம் இந்த ஜன்னல்ல நிறுத்த முடியாது. கட்டடத்துக்குப் பின்னாடி ரெக்கார்டு ரூம் ஜன்னல் கீது பாருங்க. அங்க போய் எறங்குங்க. அங்கேர்ந்து நடந்து வாங்க.”

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்கு முகம் அடையாளம் தெரிந்தது. “யம்மா… அது நீங்களா…”

“நடந்து வாங்க.”

மனுஷர் போனார். வெயிலில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அக்கா மனுவுக்கு முத்திரை வைத்து, எண் போட்டு, உரிய அதிகாரியின் மேஜையில் முதலாவதாக வைத்திருந்தார். அன்று மாலையே சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. “அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்? அவன் நடக்கணும். அவ்ளோதான்,” என்றார் அக்கா.

கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நல்லதுக்கும் அப்படித்தான். அவருடைய மேஜைக்கு அடியில் ஒரு முக்காலி இருந்தது. மனு கொடுக்க வருகிறவர்கள் நின்றுகொண்டேதான் கொடுப்பார்கள். யார் எவ்வளவு பெரிய ஆளாக வந்தாலும் அந்த முக்காலி வெளியே வராது. ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து ஓர் இருளர் பெண் எப்போதாவது வருவார். அவர் வந்தால் மட்டும் அக்கா எழுந்து போய், முக்காலியை எடுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார். நான் காரணம் கேட்டேன்.

“அந்த நாள்ல நான் நின்னுக்கினு இருந்தப்ப, எய்ந்து எனக்கு எடம் குடுத்தது அவ ஒருத்திதான் தம்பி.”

அந்த நாள் எது என்பதை இப்போது சொல்ல வேண்டும். நான் மாற்றலாகி அங்கே வருவதற்கு முன்பே அது நடந்தது. அலுவலக உதவியாளர் சொன்னதையும் அக்கா சொன்னதையும் தனித்தனியே கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு நாள் விடிகாலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. மகனையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது பரவாயில்லை, ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு கேட்டார். எடுத்தவர் கண்காணிப்பாளர். எங்கள் அலுவலகத்தில் எழுத்தர்கள் எல்லாருக்கும் மேலே இருப்பவர் அவர்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஓரிக்கைப் பக்கம் வீடு. சட்டவிதி எண் சொல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார்.

“போன்ல லீவு கெடையாது. தபால் பீரோ சாவி உங்கிட்ட இருக்கு. நேர்ல வந்து சாவிய ஒப்படைச்சி, லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போ. இல்லன்னா, சொல்லாம கொள்ளாம ஆப்சென்ட்னு மெமோ போடுவேன்,” என்றார்.

அக்கா மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். கண்காணிப்பாளர் அறைக்குள் கூட்டம் நடந்தது. அறை வாசலில் நின்றார். கூட்டம் முடிந்ததும் அவர் அக்காவைத் தாண்டிக்கொண்டு சாப்பிடப் போனார். வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்து கடிதத்தைப் பார்த்தார். மரியாதை வாசகம் சரியாக இல்லை என்று மறுபடி எழுதச் சொன்னார். அக்கா எழுதினார். செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போனபோது கணவரின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். கடைசிவரை அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பக்கத்தில் இருந்து அதைக் கேட்டவன் மகன்.

இதையாவது அக்கா பொறுத்திருக்கக்கூடும் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். பொறுக்க முடியாதது மறுநாள் நடந்தது. கண்காணிப்பாளர் மாலையோடு துக்கத்துக்கு வந்தார். வாசலில் உறவுக்காரர்கள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பேச்சு எடுக்க, அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “காலையில போன் வந்த ஒடனே லீவு குடுத்து அனுப்பிட்டேன். மனுஷாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல.”

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். உடனே லீவு கிடைத்தது என்றால் இவள் பகல் முழுக்க எங்கே போயிருந்தாள்? அக்கா, “அவரு பொய் சொல்றாரு,” என்றார். “ஒரு ஆபீசரு வூடு தேடி மாலைய எடுத்துக்கினு வந்து பொய் சொல்லுவாரா?” என்று நாத்தனார் கேட்டார். மகன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். பொங்கலுக்கு வருவான். அம்மா கேட்டதற்குப் பதில் சொல்வான். அவனாக அம்மாவை ஒரு கேள்வி கேட்டதில்லை.

“ஆபீஸ் உதவியாளரைச் சாட்சி சொல்லச் சொல்லலாமே அக்கா. அவர்தான் எல்லாம் பார்த்தாரே,” என்று ஒரு முறை சொன்னேன்.

“மத்தவன் வாய் எனக்கு எதுக்கு?” என்றார். “பொய் சொன்ன வாயி கீதில்ல, அதே வாயி வந்து என் மவன்கிட்ட சொல்லணும்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்காக எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருக்கத் தயாராக இருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் அலுவலகம் கிளவுடுக்குப் போனது. அதுவரை கோப்பு, கடிதம், மெயில் எல்லாம் மூலை அறையில் இருந்த ஒரு சர்வரில் இருந்தன. அந்த அறையில் மட்டும்தான் ஏ.சி. உண்டு. அதனால் மதியச் சாப்பாடு எல்லாருக்கும் அங்கேதான். சர்வரை லோடு ஆட்டோவில் ஏற்றியபோது அலுவலக உதவியாளர், “எல்லாம் மேல போயிடுச்சின்றாங்களே, எந்த மேலங்க? கலெக்டர் ஆபீஸா?” என்று கேட்டார். “அதுக்கும் மேல,” என்றார் டைப்பிஸ்ட். “அப்ப திரும்பி வராது,” என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

பயிற்சி கொடுக்க சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். “இனிமே ஆபீஸுக்கு வந்தாதான் வேலைன்னு கெடையாது சார். உங்க மெயில், ஃபைல், லீவு லெட்டர் எல்லாமே எங்கேர்ந்து வேணும்னாலும் அனுப்பலாம். வீட்லேர்ந்து, பஸ்லேர்ந்து, ஏன், ஆஸ்பத்திரிலேர்ந்துகூட அனுப்பலாம்,” என்று உற்சாகமாகச் சொன்னாள். அக்கா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளரின் பின்மண்டையைப் பார்த்தார்.

ஒவ்வொருவரும் தம் போன் எண்ணைப் பதிய வேண்டும். உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தப் போனுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. ஒன்று வரும். அதைப் போட்டால்தான் கணக்குத் திறக்கும். கண்காணிப்பாளருக்குக் கணினியைத் தொடுவது கௌரவக் குறைச்சல். பதிகிற வேலையை அக்காவிடம் விட்டார்.

“போன் நம்பர் கேக்குது சார்.”

“ஒன்னோடதையே போடும்மா. டங்கு டங்குனு மெசேஜ் வந்துகிட்டே இருக்கும். எனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?”

“அவங்கவங்க நம்பர்தான் போடணும்னு சர்க்குலர்ல கீது சார்.”

“சர்க்குலர எனக்கே சொல்றியா? போடும்மா.”

“இருக்கட்டும் சார்,” என்றார் அக்கா.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அவர் எதுவும் புரியாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் சில வாரங்கள் அக்கா அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, அவர் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். எங்களுக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு மேலிடத்திலிருந்து ஒரு பாதுகாப்பு உத்தரவு வந்தது. ஓ.டி.பி.யைப் போனிலோ, எழுத்திலோ, வேறு ஆள் மூலமாகவோ சொல்லக் கூடாது. கண்காணிப்பாளர் வழக்கம்போல், ‘அனைவரும் தவறாது பின்பற்றவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுற்றுக்கு விட்டார். அக்கா அதைப் படித்தார். ஒரு நகல் எடுத்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் காலை இன்டர்காம் அடித்தது. அக்கா எடுத்தார்.

“சர்க்குலர் வந்துக்கீது சார். போன்ல சொல்லக் கூடாதாம். எய்தியும் குடுக்கக் கூடாதாம். ஆள் மூலமாவும் அனுப்பக் கூடாதாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நேர்ல வந்து கேளுங்க சார்.”

நேரில் சொல்லலாம் என்றும் அந்த உத்தரவில் இல்லை. அவரும் அதைக் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

கண்காணிப்பாளரின் அறை கட்டடத்தின் ஒரு கோடியில். அக்காவின் ஜன்னல் மறு கோடியில். நடுவில் நீளமான கூடம். எல்லார் மேஜைகளையும் தாண்டி அவர் நடந்து வர வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மனுக்காரர்கள் நிற்பார்கள், இந்தப் பக்கம் அவர் நிற்பார். அக்கா கையில் இருக்கும் மனுவை முடித்துவிட்டுத்தான் போனை எடுப்பார். கண்ணாடியை மாட்டுவார். ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார். அவர் அதை உதட்டில் முணுமுணுத்துக்கொண்டே வேகமாகத் திரும்பி நடப்பார், மறந்துவிடாமல் இருக்க. பாதி வழியில் யாராவது வணக்கம் சொன்னால் எண் கலைந்துவிடும். திரும்பி வர வேண்டும். எங்கள் டைப்பிஸ்ட் அந்த நேரம் பார்த்துத்தான் பணிவாக வணக்கம் சொல்வார்.

புதிய முறைக்கு இன்னொரு குணமும் இருந்தது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி எண் கேட்கும். போன் பேசி முடித்தால் மறுபடி கேட்கும். “சார் வாக்கிங் கெளம்பிட்டாரு,” என்பார் டைப்பிஸ்ட் மெதுவாக. “சுகர் நல்லாக் கொறையும்.” நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். அந்த நடையைப் பார்ப்பதற்காகவே சில நாள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்திருக்கிறேன்.

ஒரு முறை அவர் பொறுக்காமல், “மெமோ குடுப்பேன்,” என்றார்.

“குடுங்க சார். உங்க கணக்குல என் நம்பர் எப்படி வந்திச்சுன்னு கேப்பாங்க. பதில் எய்தறேன்.”

அங்கேதான் அவர் மாட்டியிருந்தார். பதிந்த போன் எண்ணை மாற்ற வேண்டும் என்றால் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும். முதலில் ஏன் கீழே வேலை செய்பவரின் எண்ணைக் கொடுத்தாய் என்று காரணம் கேட்பார்கள். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. அந்த நேரத்தில் தன் பெயரில் விளக்கக் கடிதம் எழுதிக்கொள்ள அவருக்குத் துணிவில்லை.

பிறகு ஒரு நாள் எண்ணை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். குரலைத் தாழ்த்தி, “இன்னும் எத்தன நாளைக்கும்மா இப்படி?” என்றார்.

“நீங்க என் மவன்கிட்ட சொல்ற வரைக்கும் சார்.”

“நான் என்னத்தச் சொல்றது? ரூல்படிதானே செஞ்சேன்?”

“அதயே சொல்லுங்க சார். ரூல்படி இன்னா செஞ்சீங்களோ, அத அப்படியே சொல்லுங்க.”

அவர் அதற்குள் எண்ணை மறந்திருந்தார். மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மழைக்காலத்தில் அவர் மனைவிக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனது. காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அட்டை அவருடைய அலுவலக மெயிலில் வந்து கிடந்தது. அவர் அதைப் பிரின்ட் எடுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே மகளின் போனில் மெயிலைத் திறக்கப் பார்த்தார். அது ஓ.டி.பி. கேட்டது.

அக்காவின் போன் அடித்தது. அந்தப் பக்கம் அவர் குரல் நடுங்கியது எனக்குக்கூடக் கேட்டது. நான் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்தேன். “அக்கா, இதான் சமயம். நேர்ல வரச் சொல்லுங்க,” என்று கிசுகிசுத்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. போனைத் தள்ளிப் பிடித்து, வந்த எண்ணைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். “தொறந்துச்சா சார்? அட்ட வந்துச்சா? சரி, போங்க, அந்தம்மாவப் பாருங்க,” என்று வைத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“அந்தம்மா எனக்கு இன்னா பண்ணிச்சு? படுத்துக் கெடக்கற பொம்பளைய நடுவுல வெச்சிக்கினு நான் அவரோட மோதணுமா? ஒன் வேலயப் பாரு தம்பி.”

நான் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

மனைவி பிழைத்து வீட்டுக்கு வந்ததும் கண்காணிப்பாளர் ஒரு டப்பா மைசூர்பாகோடு கூடத்தைக் கடந்து வந்தார். முதல்முறையாக எண் கேட்காமல் வந்தார். “ரொம்ப நன்றிம்மா. பழசையெல்லாம் மறந்துடலாம்,” என்றார். அக்கா ஒரே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். “அந்தம்மா நல்லா ஆனாங்களே, அதுக்கு,” என்று டப்பாவை மூடி அவர் கையிலேயே கொடுத்தார். அன்று மதியம் இன்டர்காம் அடித்தது. “நேர்ல வந்து கேளுங்க சார்,” என்றார் அக்கா.

கண்காணிப்பாளர் ஓய்வு பெறும் நாள் வந்தது. வளாகத்தில் பந்தல் போட்டிருந்தோம். பிரியாணி அண்டா இறங்கியிருந்தது. மைக் செட் அலறியது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஆளுயர மாலையை அவர் கழுத்தில் போட்டு, சால்வையும் போர்த்திவிட்டார்கள். ஒரு வேலைதான் பாக்கி. அவருடைய கணக்கில் நுழைந்து, பொறுப்பைப் புதியவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றியவுடன் அந்தக் கணக்கு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பணி விடுவிப்பு ஆணை அச்சாகும். பொறுப்பு ஏற்க வேண்டியவர் அறையில் காத்திருந்தார்.

கண்காணிப்பாளர் மாலையோடு கூடத்தைக் கடந்து வந்தார். சம்பங்கிப் பூ வழியெல்லாம் உதிர்ந்தது. அக்காவின் எதிரே நின்றார்.

“கடைசித் தடவம்மா.”

“ஆமாம் சார்.”

அக்கா போனை எடுத்தார். எண்ணைப் படிக்கவில்லை. யாருக்கோ போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை நடுவில் முத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இன்னாம்மா? ஷிப்ட்ல கீறேன்,” என்றது மகனின் குரல். பின்னால் இயந்திரச் சத்தம்.

“வெச்சிடாத. ஒருத்தரு உன்கிட்ட பேசணும்.” அக்கா நிமிர்ந்தார். “சொல்லுங்க சார்.”

“இப்ப வேணாம்மா. ஜனம் பூரா பாக்குது.”

“எங்க வூட்டு வாசல்லயும் ஜனம் பூராதான் சார் ஒக்காந்துக்கினு இருந்தாங்க.”

அவர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமினார். “தம்பி, ஒங்கப்பா விஷயத்துல, வந்து, அலுவலக நடைமுறைன்னு ஒண்ணு…”

“இன்னா சார் சொல்றீங்க? ஒண்ணும் புரியல,” என்றான் மகன்.

“நடைமுறைப்படி சில தாமதங்கள்…”

அக்கா போன் திரையைப் பார்த்தார். “நேரம் முடிஞ்சிடுச்சு சார். இந்த நம்பர் இனிமே செல்லாது. போய் வேற கேட்டுட்டு வாங்க.”

கணினி அவர் அறையில் இருந்தது. அவர் மாலையோடு திரும்பி நடந்தார். புதிய எண்ணுக்கு அழுத்திவிட்டு மறுபடி வந்தார். மகன் அதுவரை போனை வைக்கவில்லை. “அங்க இன்னாதாம்மா நடக்குது?” என்று கேட்டான். “இரு. வர்றாரு,” என்றார் அக்கா. வெளியே மைக்கில், விழா நாயகர் மேடைக்கு வருமாறு கேட்டுக்கொண்டார்கள்.

கண்காணிப்பாளர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கம்மா அன்னிக்குக் காலையில போன் பண்ணாங்க. லீவு கேட்டாங்க. நான் தரல. நேர்ல வரணும்னு சொல்லிட்டேன்.”

இயந்திரச் சத்தம் குறைந்தது. மகன் ஏதோ ஓர் ஓரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

“வந்தாங்களா?”

“வந்தாங்க. நிக்க வெச்சேன்.”

“எவ்ளோ நேரம்?”

“நான் சாப்ட்டு வர்ற வரைக்கும்.”

“அப்பால?”

“லெட்டர் சரியில்லன்னு திரும்ப எழுத வெச்சேன்.”

“அப்ப எங்க வூட்டாண்ட வந்து இன்னா சார் சொன்னீங்க?”

அவர் உதடு அசைந்தது. அக்கா போனை அவர் பக்கம் ஒரு விரலால் தள்ளினார்.

“ஒடனே அனுப்பிட்டேன்னு சொன்னேன்,” என்றார் அவர். “அது பொய்.”

டைப்பிஸ்ட் கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “அம்மா,” என்றான் மகன்.

“சொல்லுடா.”

“அந்தாளு போயிட்டாரா?”

“இல்ல. எதிர்லதான் நிக்கறாரு.”

“நிக்கட்டும்,” என்றான். பிறகு, “நீ சாப்ட்டியாம்மா?” என்று கேட்டான்.

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். காலையில் இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார். அவன் ஏதோ கேட்டான். வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தை ஆள் வைத்து அடைத்தாயிற்று என்றார். அவன் இன்னும் ஏதோ கேட்டான். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். கேள்வி மேல் கேள்வியாக வந்துகொண்டிருந்தது. இரண்டாவது எண்ணும் காலாவதியாகிவிட்டது. அதைக் கண்காணிப்பாளருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவராகவே தம் அறைக்குப் போய், மறுபடி அழுத்திவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்.

“ஒரு நிமிசம்டா,” என்று அக்கா போனைக் காதிலிருந்து எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். ஆறு இலக்கங்களையும் நிதானமாகப் படித்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டே கூடத்தில் வேகமாக நடந்தார். இந்த முறை டைப்பிஸ்ட் வணக்கம் சொல்லவில்லை.

அக்கா போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். “ம், இன்னா கேட்ட?” என்றார்.